மரத்தின் மணமா, காலத்தின் மணமா?

15 வயதான மெர்சோ ஒயினைக் கோப்பையில் ஊற்றினால் பழைய தங்கக் காசின் நிறத்தில் மின்னும். மூக்கருகே கொண்டுபோனால் வறுத்த பாதாம், தேன், உருகும் வெண்ணெய், எங்கோ லேசாகப் புகை. "பீப்பாயின் ஓக் மர வாசம் தூக்கலாக இருக்கிறது" என்று பலரும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த நான்கு மணங்களில் ஒன்றுகூட மரத்திலிருந்து வராமல் இருக்கலாம். பழைய வெள்ளை ஒயினில் என்னை மிகவும் ஈர்க்கும் புதிர் இதுதான்: மரம் தந்தது எது, நுண்ணுயிர் தந்தது எது, காலம் தந்தது எது?

மெர்சோ, பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் போன் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர். ஷார்டொனே திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினுக்குப் பெயர்போனது. சாறு அங்கே பெரும்பாலும் 228 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாய்களில் நொதிக்கிறது. நொதித்து முடிந்தும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. ஓக்குக்குத் தமிழில் கருவாலி என்று பெயர் உண்டு.

அந்த மரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. நடு பிரான்ஸில் உள்ள த்ரோன்சே காட்டின் ஓக் பீப்பாய்க்காரர்களிடையே புகழ்பெற்றது. 17ஆம் நூற்றாண்டில், 14ஆம் லூயியின் அமைச்சர் கொல்பெர் கடற்படைக்குக் கப்பல் மரம் வேண்டும் என்று அந்தக் காட்டைப் பேணி வளர்க்கச் செய்தார். பின்னாளில் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. மரம் பீப்பாய்க்குப் போயிற்று. பிரெஞ்சு ஓக்கைக் கண்டபடி அறுக்க முடியாது. நார் ஓடும் வாக்கிலேயே பிளக்க வேண்டும், இல்லையென்றால் மரத்தின் நுண்குழாய்கள் வழியே ஒயின் கசியும். பிளந்த பலகைகளை 2, 3 ஆண்டுகள் திறந்த வெளியில் அடுக்கி வைக்கிறார்கள். மழை அவற்றின் கடுந்துவர்ப்பைக் கழுவி எடுக்கிறது. பிறகு நெருப்பு. பலகையை வளைக்க மூட்டும் தீ, பீப்பாயின் உட்புறத்தை வறுக்கவும் செய்கிறது.

அந்த வறுவலில்தான் மணங்கள் பிறக்கின்றன. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் உண்டாகிறது. வெனிலா ஐஸ்கிரீமில் நாம் முகர்வதும் இதே மூலக்கூறுதான். பழைய புத்தகத்தைப் பிரித்தால் வரும் இதமான வாடையிலும் இது உண்டு, காகிதத்தில் மிஞ்சிய லிக்னின் மெல்லச் சிதைவதால். லிக்னினிலிருந்தே புகை மணம் தரும் குவையகாலும் வருகிறது. மரத்தின் சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸ் கருகினால் பாதாமையும் கேரமலையும் நினைவூட்டும் ஃபர்ஃபுரால். இவை தவிர கிராம்புத் தைலத்தின் உயிரான யூஜினாலும், கொப்பரை வாசம் தரும் ஓக் லாக்டோனும் வறுக்காத மரத்திலேயே இருக்கின்றன. அமெரிக்க வெள்ளை ஓக்கில் இந்த லாக்டோன் அதிகம், பிரெஞ்சு ஓக்கில் குறைவு. ஆக ஓக்கைத் தேடுகிறவர் வெனிலா, கிராம்பு, கொப்பரை ஆகிய மூன்றையும் தேட வேண்டும். இவற்றைச் சமையலறை டப்பாக்களிலேயே முகர்ந்து பழகிக்கொள்ளலாம்.

புதுப் பீப்பாய்தான் இவ்வளவையும் கொடுக்கும். மூன்று நான்கு முறை நிரப்பிய பீப்பாயில் மணம் அநேகமாகத் தீர்ந்துவிடும். அப்போதும் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்: பலகை வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் கசிந்து வரும் துளித்துளி ஆக்சிஜன்.

இனி சாற்றை நொதிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதன்முறை கேட்பவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது. எஃகுத் தொட்டியில் நொதிக்க வைத்துப் பிறகு பீப்பாய்க்கு மாற்றிய ஒயினைவிட, தொடக்கத்திலிருந்தே பீப்பாயில் நொதித்த ஒயினில் மர வாடை குறைவாகத் தெரியும். காரணம், வேலை செய்துகொண்டிருக்கும் ஈஸ்ட் வெனிலினை வெனிலில் ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. அதற்கு மணம் மிகக் குறைவு. வேலை முடித்து அடியில் வண்டலாகப் படியும் ஈஸ்ட்டும் மரத்தின் மணங்களில் ஒரு பங்கைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. மரத்தோடு கூடுதல் நாள் இருந்த ஒயினில் மரம் குறைவாக மணப்பது அதனால்தான்.

வெண்ணெய் மணத்தை ஓக்கின் கணக்கில் எழுதுவது மிகப் பரவலான தவறு. அது பாக்டீரியாவின் கைவண்ணம். பச்சை ஆப்பிளின் புளிப்பான மாலிக் அமிலத்தை, தயிர்ப் புளிப்பான லாக்டிக் அமிலமாக அவை மாற்றும்போது டைஅசிடைல் என்ற பொருளும் வெளிவருகிறது. வெண்ணெயின் மணமும் அதுவே. எஃகுத் தொட்டியிலும் இது நடக்கும்.

புகையிலும் ஒரு ஏமாற்று உண்டு. சில மெர்சோ ஒயின்களில் தீக்குச்சி உரசியது போன்ற வாசம் வரும். கந்தகம் கொண்ட பென்சீன்மீத்தேன்தயால் இந்த வகைப் புகை மணத்துக்குக் காரணம் என்று பிரான்ஸின் போர்தோ நகரில் பணிபுரிந்த தோமினாகாவும் குழுவினரும் 2003இல் காட்டினார்கள். வறுத்த பீப்பாயின் புகையா, கந்தகத்தின் புகையா என்று சந்தேகம் வந்தால் எளிய சோதனை இருக்கிறது. கொஞ்சம் ஒயினை வேறு கோப்பையில் ஊற்றி, துலக்கிய செம்புக் கம்பியை அதில் இட்டுச் சுழற்றுங்கள். தயால்கள் என்ற இந்தக் கந்தகச் சேர்மங்கள் செம்போடு பிணைந்துவிடும். தீக்குச்சி வாசம் மங்கும். குவையகாலின் புகை அப்படியே நிற்கும். அந்தக் கோப்பையை முகர மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பது காலம். அதே பர்கண்டியைச் சேர்ந்த, ஓக்கையே தொடாத ஷாப்லி ஒயின்கூட பத்து ஆண்டு கழித்துத் தேனும் கொட்டைப் பருப்புமாக மணக்கும். தங்க நிறமும் ஆக்சிஜன் மெல்ல மெல்லப் பூசியதுதான், பீப்பாயின் சாயம் அல்ல. கண் சொல்வதை மூக்கு எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறது என்பதற்கு 2001இல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. மோரோ, ப்ரோஷே, துபூர்தியூ மூவரும் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். அதனால் நிறத்தைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள்.

காலம் எல்லை மீறினால் சோட்டலான் தலைகாட்டும். வெந்தயத்துக்கு அதன் வாசத்தைத் தரும் மூலக்கூறு இதுவே. வெந்தயக் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்த மூக்குக்கு இதைப் பிடித்துவிடுவது எளிது. பிரான்ஸின் ஜூரா பகுதியில் பழைய பீப்பாயில் 6 ஆண்டுகளுக்கு மேல் வைக்கும் வேன் ஜோன் ஒயினில் இதுவே பெருமை. பர்கண்டியில் இது அபாய மணி. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே பல வெள்ளை ஒயின்கள் நினைத்ததற்கு முன்பே பழுப்பேறிக் கெட்டன. எத்தனையோ பேர் ஆசையாகச் சேர்த்துவைத்த பாட்டில்கள் வீணாயின. கார்க், ஒயினைக் காக்கச் சேர்க்கும் கந்தகத்தின் அளவு, சாறு பிழியும் முறை என்று காரணம் தேடி இன்றும் விவாதம் ஓடுகிறது.

நாக்குக்கும் வேலை இருக்கிறது. முதல் மிடறை மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவைத்துப் பாருங்கள். புளிப்பும் துவர்ப்பும் சாராயச் சூடும் மட்டுமே தெரியும். விரலை எடுத்ததும் மணங்கள் தொண்டைவழியே மூக்குக்கு ஏறும். வெள்ளை ஒயினுக்கு விரைவிலேயே தோலை நீக்கிச் சாறு பிழிவதால் திராட்சையின் துவர்ப்பு அதிகம் வராது. எனவே ஈறு வறள்வது போல, பாக்கு மென்றது போலத் துவர்த்தால் பீப்பாயைச் சந்தேகிக்கலாம். பழம் வற்றிய பிறகும் மரம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், அந்த ஒயினுக்கு அந்தப் பீப்பாய் அதிகம் என்பது என் தீர்ப்பு. நல்ல மெர்சோவில் மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஒயினை மிகவும் குளிர்விக்காதீர்கள், மணம் அடங்கிவிடும். 12 முதல் 14 டிகிரி போதும். கோப்பையை அன்றிரவே கழுவவும் வேண்டாம். டைஅசிடைல் 88 டிகிரியில் கொதிப்பது, சீக்கிரம் பறந்துவிடும். வெனிலினின் கொதிநிலை 285 டிகிரி, யூஜினாலுக்கு 254. இரண்டும் கண்ணாடியை விட்டு எளிதில் கிளம்பாது. காலையில் காபிக்கு முன் அந்தக் காலிக் கோப்பையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். முந்தின நாள் தேனுக்கும் வெண்ணெய்க்கும் அடியில் ஒளிந்திருந்த மரம் அதில் இருக்கும்.