மீட்டரைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள்

"8 வருஷத்துல வெறும் 25,000 கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு, புதுசு மாதிரி இருக்கு." விற்பவர் இப்படிச் சொன்னதை நம்பி வாங்கிய வண்டியை மூன்று மாதம் கழித்து நம் மெக்கானிக் ஷெட்டுக்குக் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். வால்வுகளையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் ரப்பர் டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்து கிடக்கும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றால், "அவ்வளவு கம்மியா ஓடின வண்டிக்கு ஏன் சார் இவ்வளவு செலவு?" என்று நம் மேலேயே சந்தேகம். கம்மியாக ஓடியதுதான் காரணம் என்றால் யாரும் நம்புவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்டத்தால் தேய்பவை சில: பிரேக் பேட், கிளட்ச், வீல் பேரிங், டயரின் பட்டை. வயதால் கெடுபவை வேறு: ரப்பராலான அத்தனையும், தொட்டிகளில் இருக்கும் அத்தனை திரவமும். மீட்டர் முதல் வகையை மட்டும்தான் எண்ணும். இரண்டாவது வகைக்குக் காலண்டர்தான் மீட்டர். டைமிங் பெல்ட்டுக்குக் கம்பெனிகள் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் போட்டிருப்பதைக் கையேட்டில் பாருங்கள். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். 'எது முதலில்' என்ற அந்த இரண்டு சொற்களைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

பிரேக் ஆயிலும் அப்படியே. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ரகம். வண்டி ஷெட்டில் நின்றாலும் உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். டாட் 4 (DOT 4) என்ற பிரேக் ஆயில் ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வரும்போது உள்ளே ஆவி கட்டினால் பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

அடுத்தது குறுந்தூர ஓட்டம். "பக்கத்துலதான் சார், ரெண்டு கிலோமீட்டர்தான் எடுப்பேன்" என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இன்ஜினுக்கு அதைவிடக் கொடுமையான வேலை இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை. ஆயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் வெகுநேரம் பிடிக்கும். அதற்குள் அணைத்துவிட்டால் உள்ளே படிந்த நீரும் எரியாமல் வழிந்த எரிபொருளும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெண்ணெய் தடவியது போல வெள்ளைப் பசை இருக்கும். கூலன்ட் மட்டமும் கூடவே குறைந்துவந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். மட்டம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் குறுந்தூர ஓட்டம்தான் காரணம். இப்படி ஓடும் வண்டிக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும், மீட்டர் 2,000 காட்டினாலும்.

இதே காரணத்தால்தான், தினமும் குறுந்தூரம் மட்டும் போகிறவர்கள் புது டீசல் வண்டி பக்கம் போகாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அது 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். அந்த வாய்ப்பே கொடுக்காமல் அடைத்துப்போன வடிகட்டியை மாற்றும் செலவில், மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மைலேஜை மட்டும் கேட்கிறீர்கள். ஹெட்லைட் ஒன்று, முன் கண்ணாடி, கிளட்ச் செட், முன் ஷாக் அப்சார்பர் ஜோடி, நான்கு டயர் ஆகியவற்றின் விலையையும் வாங்கும் முன்பே விசாரித்து எழுதி வையுங்கள். பெரிய சக்கரமும் பட்டையான டயரும் பார்க்க அழகுதான். பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும், டயர் விலையும் கூடுதல். தெருவில் அதிகம் தென்படும் மாடலுக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், வேலை தெரிந்த கையும் கிடைக்கும். அபூர்வ மாடல் ஒரு சென்சாருக்காக வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்.

பழைய வண்டி பார்க்கப் போனால், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்கையில்தான் உண்மை வெளியே வரும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு வரும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டை முழுசாக இருந்தாலும் பத்து வருட டயர் குப்பைக்குத்தான். மீட்டர் 30,000 காட்ட, பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஸ்டீயரிங்கும் மினுமினுத்தால், அந்த மீட்டரை யாரோ திருத்தியிருக்கிறார்கள்.

வாங்கிய வாரமே ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே அர்த்தம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் கூடவே மாற்றுங்கள்; வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டிலேயே சுற்றுவதாக இருந்தால் அதையும். கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான். (இப்போது ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட்டும் வருகிறது. அதற்குக் கம்பெனி சொன்ன ரகம் தவிர வேறு ஆயில் ஊற்றினால் பெல்ட் உரிந்து, துகள்கள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்து, இன்ஜின் இறுகி நின்றுவிடும். "எல்லா ஆயிலும் ஒண்ணுதான்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.) இந்த முதல் சர்வீஸ் செலவையும் வண்டி விலையோடு சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

செலவைப் பிரித்துச் செய்ய வேண்டிய நிலை வந்தால் முதலில் பிரேக், டயர், ஸ்டீயரிங். அடுத்து இன்ஜினைக் கொல்லக்கூடியவை: கூலன்ட் ஒழுகல், ஆயில் ஒழுகல், பெல்ட். ஏசி, டேஷ்போர்டு கடகடப்பு, பெயின்ட் எல்லாம் காத்திருக்கும். பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட்டால் பேட் விலையோடு போகும். கீச்சென்ற சத்தத்தை ரேடியோவைக் கூட்டி மறைத்தால் இரும்போடு இரும்பு உரசி டிஸ்க்கும் போகும்.

இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரை மாட்டி, அதில் வந்த பிழைக் குறியீட்டைப் பார்த்து உடனே பாகத்தை மாற்றுவது ரிப்பேர் ஆகாது. எந்த இடத்தில் கோளாறு தெரிகிறது என்பதைத்தான் குறியீடு சொல்லும், எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல. உதாரணமாக பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. முதல் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போக வேண்டும். இதற்கு உதிரிபாகச் செலவு எதுவும் இல்லை. இதைக்கூடச் செய்யாமல் மூன்று பாகங்களுக்கு எஸ்டிமேட் நீட்டினால், எதைச் சோதித்து இதைச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.

கடைசியாக, டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். "வீடு பக்கத்துலதானே" என்று ஓட்டிய அந்த ஒரு கிலோமீட்டரில்தான் ஹெட் கோணிக்கொள்கிறது. ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, ரிசர்வ் டாங்கில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இல்லையென்றால் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அதன் கூலி ஹெட் வேலையின் செலவில் ஒரு சின்னப் பங்குதான்.