திறக்காமலே உள்ளே பார்க்கும் நியூட்ரான்

ராக்கெட்டின் அடுக்குகள் பறக்கும்போதே ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்ளச் சின்னச் சின்ன வெடிமருந்துச் சாதனங்கள் உண்டு. உலோகக் கூட்டுக்குள் கொஞ்சம் மருந்து. உரிய நொடியில் அது வெடித்துப் போல்ட்டை அறுக்க வேண்டும். ஆனால் வெடித்துச் சோதித்தால் சாதனம் போய்விடும். பிளந்து பார்த்தாலும் போய்விடும். பறக்கப்போகும் அதே சாதனத்துக்குள் மருந்து இடைவெளியில்லாமல் நிரம்பியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எக்ஸ்-கதிர் இங்கே அவ்வளவாக உதவாது. அது மோதுவது அணுவின் எலெக்ட்ரான்களோடு. எலெக்ட்ரான்கள் மிகுந்த உலோகம் அதைத் தடுத்துவிடும். ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் போன்ற லேசான தனிமங்களாலான மருந்தோ, கூட்டின் நிழலில் அமுங்கிப் போகும்.

அணுக்கருவில் இருக்கும் துகளான நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எலெக்ட்ரான்களைச் சட்டை செய்யாமல் கடந்துபோகும். அதற்கு வேலை அணுக்கருவிடம்தான். அதனால் கணக்கு தலைகீழாகிறது. வேகம் குறைந்த வெப்ப நியூட்ரான்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 1 செ.மீ. கனமுள்ள காரீயத்தைத் தாண்டிவிடும். வெறும் 1 மி.மீ. தண்ணீரோ அவற்றில் சுமார் 30 சதவீதத்தைப் பாதையிலிருந்து விலக்கிவிடும். எல்லாம் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனின் வேலை. வெடிமருந்திலும் ஹைட்ரஜன் இருப்பதால், உலோகத்துக்குள் அது தனியாகத் தெரிகிறது. நிரப்பாமல் விட்ட இடமும் தெரிகிறது.

இந்த வேலையைச் செய்யும் அணு உலை கல்பாக்கத்தில் இருக்கிறது. பெயர் காமினி. 1996இல் இயங்கத் தொடங்கிய இதன் திறன் 30 கிலோவாட்தான். மின்சாரத்துக்காகக் கட்டியதல்ல, நியூட்ரானுக்காகக் கட்டியது. எரிபொருள், தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233. இஸ்ரோவின் வெடிமருந்துச் சாதனங்கள் இங்கே நியூட்ரான் படம் எடுத்துச் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

புகைப்படச் சுருளில் நியூட்ரான் நேரடியாகப் பதிவதில்லை. அதனால் சுருளை ஒட்டி கடோலினியம் என்ற உலோகத்தின் தகடு ஒன்றை வைப்பார்கள். தகடு நியூட்ரானை விழுங்கி எலெக்ட்ரானை உமிழும். சுருளில் பதிவது அந்த எலெக்ட்ரான்தான்.

என்னை மிகவும் வியக்க வைப்பது இதன் இன்னொரு வடிவம். உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கோலைப் படமெடுக்க வேண்டும். அது கக்கும் காமா கதிரே சுருளை முழுக்கக் கறுப்பாக்கிவிடும். எனவே சுருளை அங்கே கொண்டுபோவதே இல்லை. கோலுக்குப் பின்னால் டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தின் தகட்டை மட்டும் வைக்கிறார்கள். காமா கதிர் அதில் தடம் பதிப்பதில்லை. நியூட்ரான் விழுந்த இடங்கள் மட்டும் கதிரியக்கம் பெறுகின்றன. பிறகு தகட்டை வெளியே எடுத்து, வேறிடத்தில் சுருளோடு சேர்த்து வைத்தால் படம் மெல்ல மெல்ல அதில் இறங்கும். தகட்டின் கதிரியக்கம் சுமார் 2 மணி 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால் தாமதிக்க முடியாது. கல்பாக்கத்தில் வேக நியூட்ரான்களால் இயங்கும் சோதனை உலையான வேக ஈனுலையின் எரிபொருளைக் காமினியில்தான் பார்க்கிறார்கள். அதற்கு வசதியாக, கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் அறைக்குக் கீழேயே உலையை அமைத்திருக்கிறார்கள்.

படம் வடிவத்தைக் காட்டும். உள்ளே என்ன தனிமம், எவ்வளவு என்று அறிய நிறமாலை வேண்டும். நியூட்ரானை விழுங்கிய அணுக்கரு பல நேரங்களில் கதிரியக்கம் பெற்று, தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிரை வெளியிடும்: தங்கம் 412 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், மாங்கனீசு 847, சோடியம் 1369. திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஜெர்மானிய உணர்கருவி இவற்றைப் பிரித்து எண்ணும். ஆற்றல் தனிமத்தைச் சொல்லும், எண்ணிக்கை அளவைச் சொல்லும். 1936இல் ஜார்ஜ் டி ஹெவெசியும் ஹில்டே லெவியும் தொடங்கிவைத்த முறை இது. 2008இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதே முறையில் நெப்போலியனின் தலைமுடியைச் சோதித்தார்கள். சிறுவயது முடியிலேயே ஆர்சனிக் இன்றைய அளவைவிடப் பன்மடங்கு இருந்தது. கடைசிக் காலத்தில் யாரோ ஆர்சனிக் வைத்துக் கொன்றார்கள் என்ற கதைக்கு அது சான்று தரவில்லை.

ஆனால் ‘சேதமில்லாமல்’ என்பதற்கு ஓர் எல்லை உண்டு. நியூட்ரான் பட்ட பொருளே சில காலம் கதிரியக்கம் உள்ளதாகிவிடும். அலுமினியத்தில் அது நிமிடங்களில் அடங்கும். செம்பில் முக்கியமான பகுதி பாதியாகக் குறைய 12.7 மணி நேரம் ஆகும். வெள்ளியில் உண்டாகும் ஓர் ஐசோடோப்புக்கு அதே கெடு 250 நாள், கோபால்ட்-60க்கு 5 ஆண்டுக்கும் மேல். அதனால் அருங்காட்சியகத்துப் பழம்பொருளை உலைக்குக் கொண்டுபோகுமுன் அதன் உலோகக் கலவையை எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் (எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் திருப்பி உமிழும் கதிரைக் கொண்டு) தோராயமாகவாவது அளந்து, எத்தனை நியூட்ரான் விழலாம், எத்தனை நாள் கழித்துத் திருப்பித் தரலாம் என்று கணக்குப் போட்டாக வேண்டும்.