புள்ளி மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இரண்டு வருடமாக நன்றாக ஓடிய கடல்நீர்த் தொட்டியில், சென்னையிலிருந்து பார்சலில் வந்த கோமாளி மீன் ஜோடி ஒன்றை விட்டிருக்கிறார். நாலாம் நாள் மீன்களின் மேல் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. இரண்டு நாளில் அது தானாகவே மறைந்துவிட்டது. பிழைத்துக்கொண்டது என்று இவரும் விட்டுவிட்டார். அடுத்த வாரம் தொட்டியில் இருந்த அத்தனை மீனுக்கும் புள்ளி வந்து, எல்லாம் போய்விட்டன. “தண்ணீரில் என்ன குறை?” என்று கேட்கிறார்.

தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. “தானாகவே மறைந்துவிட்டது” என்றாரே, சங்கதி அங்கேதான் இருக்கிறது.

புள்ளிக்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. பள்ளியில் பரமீசியம் வரைந்திருப்பீர்களே, அதைப்போல உடம்பெல்லாம் மயிர் போன்ற குற்றிழை முளைத்த ஒற்றைச் செல் உயிரி. மீனின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மேல்தோலைத் துளைத்து அதற்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே மூன்று முதல் ஏழு நாள் வரை திசுவைத் தின்று கொழுத்து, கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாகிறது. வயிறு நிறைந்ததும் தானே தோலை விட்டு வெளியேறுகிறது. அதைத்தான் நாம் குணமானது என்று நினைக்கிறோம்.

கீழே விழுந்தது மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கெட்டி ஓடு கட்டிக்கொள்கிறது. உள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒரே ஓட்டிலிருந்து சுமார் 200 குஞ்சுகள் வரை நீந்தி வெளிவரும். அவற்றுக்கு ஓரிரண்டு நாளே ஆயுள். அதற்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் சாவுதான். கடல் பெரிது, 200-இல் ஒன்றுக்கு மீன் கிடைத்தாலே பெரிய விஷயம்; அந்த நஷ்டத்துக்கு ஏற்றபடிதான் அதன் பெருக்கம் அமைந்திருக்கிறது. நாம் 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் மீனையும் அதையும் சேர்த்து அடைத்துவிட்டோம். நஷ்டமே கிடையாது, முழுக்க லாபம். கூட்டு வட்டி எப்படி ஏறும் என்று செட்டிநாட்டில் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. இந்தக் குஞ்சுகள் நினைத்த நேரத்தில் ஓட்டை விட்டு வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள், அவை பின்னிரவு 2 மணிக்கும் காலை 9 மணிக்கும் இடையில் வருவதைக் கண்டார்கள். முழு இருட்டில் வைத்தாலும் அதே நேரம்! வெளிச்சத்தைப் பார்த்து அல்ல, உள்ளே ஓடும் ஏதோ ஒரு கடிகாரத்தைப் பார்த்து வருகின்றன. ஏன் அந்த நேரம்? பகலில் நீந்தித் திரியும் மீன்களில் பலவும் இரவில் தரையோரம், பாறை இடுக்கில் அசையாமல் கிடக்கும். ஓடுகளும் அங்கேதான் இருக்கின்றன. தூங்குகிறவன் வீட்டு வாசலிலேயே பொரிப்பது போல. மூளையும் கண்ணும் இல்லாத ஒற்றைச் செல்லுக்கு இந்த விவரம்! புள்ளிகள் மீனை விட்டு உதிர்வதும் பெரும்பாலும் இருட்டில்தான்.

“ஒட்டுண்ணி எத்தனை மணிக்கு எழும்” என்று ராத்திரியெல்லாம் விழித்து எண்ண இன்றைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? “இதனால் நாட்டுக்கு என்ன பயன்” என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுவார்கள். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1940-களில். அந்த மனசு இப்போது கல்யாணப் பந்தலோடு முடிந்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

சரி, தொட்டிக்கு வருவோம். மேலே சொன்ன நாள் கணக்குதான் வைத்தியமும். உதிர்ந்தது பொரிய எப்படியும் மூன்று நாளாவது ஆகும். அதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால், பொரிந்து வருகிறவர்களுக்கு வீடு காலி. புதிய மீன் வந்த நாளை முதல் நாளாக வைத்து 4, 7, 10, 13-ஆம் நாட்களில் மாற்ற வேண்டும். தோலுக்கடியில் ஏழு நாளுக்கு மேல் பெரும்பாலும் தங்காது என்பதால், அதற்குள் எல்லாம் உதிர்ந்து பழைய தொட்டிகளிலேயே தங்கிப்போயிருக்கும். நான் காலையில்தான் மாற்றுவேன். இரவில் உதிர வேண்டியது உதிர்ந்திருக்கும்.

இதற்குக் கண்ணாடித் தொட்டிகூட வேண்டாம். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு, காற்று மோட்டார், மீன் ஒளிய பிவிசி எல்போ நாலு. மணல், கல் கூடாது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல் உப்பு கரைத்த தண்ணீர், இரண்டு டப்பிலும் ஒரே உப்பு, ஒரே சூடு. மூன்று நாளுக்கொரு முறை முழுத் தண்ணீரும் புதிதாவதால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதிகம் ஏற நேரமில்லை. தீனியை மட்டும் குறைத்துப் போடுங்கள். சித்திரை வெயிலில் நம் ஊரில் ஹீட்டருக்கு வேலையில்லை, டேபிள் ஃபேனுக்குத்தான் வேலை. மாற்றும்போது பழைய தண்ணீர் கூடவே போகாதபடி துளைகள் உள்ள தட்டில் மீனை ஏந்தி எடுங்கள். காலியான டப், எல்போ, குழாய், வலை எல்லாவற்றையும் கழுவி மாடியில் காயவைக்க வேண்டும். ஈரம் போனால் அந்த ஓட்டுக்குள் இருப்பதும் போயிற்று.

பதின்மூன்றாம் நாளோடு முடிந்ததென்று அவசரப்படாதீர்கள். அமிலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணிக்கு இந்த வித்தை பலிக்காது. அதனால் மேலும் இரண்டு வாரம் தனியாகவே வைத்துப் பாருங்கள். நம் பக்கத்துக்கு இது புதிதல்ல: இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நோய் இருக்கிறதா என்று தடுத்து வைத்துப் பார்த்த இடம்தான் மண்டபம் கேம்ப். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் இருப்பதும் அங்கேதான்.

என் அப்பத்தா, “முகப்புல வச்சா ஊர்க் கண்ணு படாம என்ன செய்யும்?” என்று சொல்லித் தொட்டி ஸ்டாண்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். அதில் மீனுக்குக் கெடுதல் இல்லை. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. தோலுக்கடியில் இருப்பதை அது எப்படித் தொடும்? செம்பு மருந்தே தொடாது. நீந்தி வரும் குஞ்சுகளைத்தான் கொல்லும். அதுவும் லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம் செம்பு என்ற ஒடுங்கிய சந்துக்குள். அளக்கும் கிட் இல்லாமல், செம்பு உப்பான மயில்துத்தத்தைக் கிள்ளிப் போட்டால் நோய்க்கு முன்னால் மீன் போகும். இறால், பவளம் இருக்கும் தொட்டியில் செம்பை நினைக்கவே வேண்டாம்.

தேவகோட்டைக்காரரின் பெரிய தொட்டியில் இப்போது மீன் இல்லை, ஓடுகள் இருக்கும். 72 நாள் கழித்துப் பொரிந்ததற்கும் பதிவு உண்டு. அதனால் 76 நாள் மீன் விடாமல் ஓட்டுங்கள். இறாலும் நத்தையும் இருக்கலாம், அவற்றை இது தொடாது. புது மீன் டப்பில் இருக்கும் நாட்களையும் இதற்குள்ளேயே கழித்துக்கொள்ளலாம்.

மாடியில் டப் காயவைக்க இடம் பிடிப்பதுதான் கொஞ்சம் சிரமம். நேற்று நான் ஏறுவதற்குள் அப்பத்தா கூழ் வற்றல் ஊற்றிவிட்டு, டப்பை நிழலுக்குத் தள்ளியிருந்தார்.