துளை நேராக விழுவதற்கு: வீட்டுப் பட்டறை விமானங்களில் ஜிக்கின் வேலை

அமெரிக்காவில் தங்கள் வீட்டு கார் நிறுத்தும் கொட்டகையிலேயே விமானம் கட்டுகிறவர்கள் பல்லாயிரம் பேர் உண்டு. 1953-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி தொடங்கிய ஈஏஏ (சோதனை விமானச் சங்கம்) என்னும் அமைப்பு இவர்களை ஒன்றுசேர்த்தது. கட்டும் வேலையில் பெரும்பகுதியைச் சொந்தக்காரரே கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருந்தால் அந்த விமானத்துக்குச் சோதனை வகைச் சான்றிதழ் தர அந்நாட்டு விதி இடம் கொடுக்கிறது. அலுமினியத் தகட்டால் ஆன இருவர் விமானம் ஒன்றில் தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு துளை வேண்டும். கட்டுவதற்கான பாகங்கள் தொகுப்பாக வரும் இன்றைய கிட்டுகளில் பெரும்பாலான துளைகள் தொழிற்சாலையிலேயே குத்தப்பட்டு வருகின்றன. ஆயினும் வரைபடத்தை மட்டும் வாங்கிக் கட்டுகிறவருக்கும், கிட்டில் குத்தாமல் விடப்பட்ட முக்கியமான சில துளைகளைப் போடுகிறவருக்கும் துணையாக இருப்பவை கை டிரில்லும், துளை சரியான இடத்தில் விழும்படி பிட்டை வழிநடத்தத் தாமே செய்துகொள்ளும் ஜிக் என்னும் துணைக்கருவியுமே.

ஒரு துளையிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1/8 அங்குல ரிவெட்டுக்கு 30-ஆம் எண் பிட், அதாவது 0.1285 அங்குலம், 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40-ஆம் எண் பிட், 0.098 அங்குலம். இடைவெளி சுமார் 0.1 மி.மீ. மட்டுமே. அடிக்கும்போது ரிவெட்டின் தண்டு பருத்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது ரிவெட்டின் விட்டத்தைப் போல் இரு மடங்கு தள்ளியிருக்க வேண்டும். இல்லையெனில் சுமை ஏறும்போது துளைக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள உலோகம் கிழிந்துவிடும். துளை தகட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்த துளையில் அடித்த ரிவெட்டின் வால், அதாவது அடிபட்டுத் தட்டையாகும் முனை, ஒரு பக்கமாகவே படுக்கும். இரண்டு தகடுகளிலும் உள்ள துளைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். இவை நான்கிலும் தளர்வுக்கு இடமில்லை. ஆனால் வரிசையில் அடுத்தடுத்த ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரம் அரை மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. நல்ல ஜிக் என்பது எல்லாப் பிழையையும் ஒழிக்கும் கருவியன்று. பிழை எந்தத் திசையில் போகலாம், எந்தத் திசையில் போகவே கூடாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைக்கும் கருவி அது.

டிரில் பிட் தானாக ஏன் விலகுகிறது? அதன் நுனியின் நட்டநடுவில் உளி போன்ற குறுகிய விளிம்பு ஒன்று இருக்கிறது. அது உலோகத்தை வெட்டுவதில்லை, நசுக்கித் தள்ளுகிறது. பிட்டின் பக்கங்களைத் துளையின் சுவர் தாங்கிப் பிடிக்கும் ஆழம் வரும்வரை நுனி தன் போக்கில் அலையும். மெல்லிய தகட்டிலோ அந்த ஆழம் வருவதே இல்லை. நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்த பிறகும் பிட்டின் முழு விட்டம் தகட்டுக்குள் இறங்கியிருக்காது. அதனால்தான் மெல்லிய தகட்டில் கையால் போட்ட துளையை உருப்பெருக்கியில் பார்த்தால் வட்டமாக இல்லாமல் முனை மழுங்கிய முக்கோணமாகத் தெரிகிறது. துளையின் சுவர் தர முடியாத தாங்கலை வெளியிலிருந்து தருவதே ஜிக்கில் உள்ள எஃகு புஷ்ஷின், அதாவது பிட் நுழைந்து செல்லும் சிறு குழாயின், வேலை.

புஷ் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். புஷ்ஷுக்கும் பிட்டுக்கும் இடையே 0.03 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். புஷ்ஷின் நீளம் 6 மி.மீ. என்றால் பிட் ஏறக்குறைய 0.3 பாகை சாய முடியும், 40 மி.மீ. தடிமனைத் துளைத்து வெளியே வரும்போது அது 0.2 மி.மீ. விலகியிருக்கும். 20 மி.மீ. நீளமுள்ள புஷ்ஷில் அந்த விலகல் 0.06 மி.மீ.தான். தகட்டு வேலைக்குப் பிட் விட்டத்தைப் போல் இரு மடங்கு நீளமே போதும். இறக்கையின் நீளவாக்கில் ஓடி அதைத் தாங்கும் சட்டமான தடித்த ஸ்பாருக்குத்தான் நீண்ட புஷ் தேவை. கடினப்படுத்திய புஷ்கள் கடையில் கிடைக்கின்றன. சில துளைகள் மட்டுமே போட வேண்டுமென்றால் சாதாரண எஃகுக் கட்டையில் போட்ட துளையே போதுமானது என்பது என் கருத்து. தேய்ந்து தளர்ந்ததும் கட்டையை மாற்றிவிடலாம்.

ஜிக்கின் நேர்மை அதைச் செய்த டிரில் பிரஸ்ஸின், அதாவது மேசையோடு கூடிய நிலையான துளையிடும் இயந்திரத்தின், நேர்மையைத் தாண்டாது. எனவே மேசை சுழல்தண்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தடித்த கம்பி ஒன்றை வளைத்து, பிட்டைப் பிடிக்கும் சக்கில் மாட்டி, அதன் வெளிமுனை மேசையை லேசாகத் தொடும்படி இறக்கி, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் இடமும் வலமும் முனைக்கு அடியில் ஒரே காகிதத்துண்டு ஒரே இறுக்கத்தோடு நுழைந்தால் மேசை சரி. ஒரு பக்கம் சிக்கி மறுபக்கம் வழுக்கினால் மேசையின் பிடியைத் தளர்த்திச் சரிசெய்துவிட்டுத்தான் கட்டையைத் தொட வேண்டும்.

தகட்டு விளிம்பில் வரிசையாகத் துளை போடும் எளிய ஜிக் ஒரு சிறிய எஃகுக் கட்டைதான். அதன் அடியில் ஒரு தடுப்பு இருக்கும். அது தகட்டின் விளிம்பில் ஒட்டி நிற்பதால் விளிம்புத் தூரம் மாறுவதில்லை. புஷ்ஷிலிருந்து 25 மி.மீ. தள்ளி ஒரு முளை இருக்கும். அதை முந்தைய துளையில் செருகி அடுத்ததைப் போடலாம். பார்ப்பதற்குக் கச்சிதமான ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. முளைக்கும் புஷ்ஷுக்கும் உள்ள தூரத்தில் 0.05 மி.மீ. பிழை இருந்தால், அறுபதாவது நகர்வில் அது 3 மி.மீ. ஆகிவிடும். கையால் குறிக்கும்போது நேரும் பிழை கூடியும் குறைந்தும் வருவதால் ஓரளவு தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ளும். ஜிக்கின் பிழையோ எப்போதும் ஒரே பக்கம் சேரும். ஆகவே இரு முனைகளையும் நடுப்புள்ளியையும் முதலில் அளந்து துளைத்துவிட்டு, இடைப்பட்ட துளைகளை மட்டும் முளையை நம்பிப் போடுவார்கள். மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே குத்தில் துளைத்து, கிளெக்கோ எனப்படும் வில் பிடிப்பான்களைச் சில துளைகளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டே போனால், இடைவெளியில் எஞ்சும் சிறு பிழை இரு தகடுகளுக்கும் பொதுவாகிவிடுகிறது.

குழாயின் குறுக்கே போல்ட் துளை போடுவது இன்னும் கடினம், ஏனெனில் பிட் வளைந்த பரப்பில் வழுக்கும். இதற்கு ஒரு கட்டையில் குழாயின் விட்டத்துக்கு நீளவாக்கில் ஒரு துளையும், அதைச் செங்குத்தாக நடுவில் வெட்டும்படி மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் புஷ் துளை ஒன்றும் போடுகிறார்கள். புஷ் உண்மையிலேயே நடுவில் இருக்கிறதா என்று அறிய ஓர் அழகான சோதனை உண்டு. வீணான குழாய்த் துண்டு ஒன்றைத் துளைத்தபின், குழாயைச் சுழற்றாமல் ஜிக்கை மட்டும் உருவி, இடமுனை வலமாகும்படி திருப்பி மாட்டி, பிட்டின் வழவழப்பான பின்தண்டைப் புஷ் வழியாகச் செருகிப் பார்க்க வேண்டும். புஷ் மையத்திலிருந்து 0.1 மி.மீ. விலகியிருந்தால் புஷ்ஷும் குழாயின் துளையும் இப்போது 0.2 மி.மீ. விலகி நிற்கும், தண்டு உள்ளே இறங்காது. பிழையை இரட்டிப்பாக்கிக் காட்டும் இந்தச் சோதனைக்கு வெர்னியர் கூடத் தேவையில்லை.

நீளமான ஜிக்குகளில் வெப்பமும் கணக்கில் வருகிறது. ஒரு பாகை செல்சியஸ் உயர்வுக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரோமீட்டரும் எஃகு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டரும் நீள்கின்றன. காலைக்கும் பிற்பகலுக்கும் 15 பாகை வேறுபாடுள்ள கொட்டகையில், 3 மீட்டர் எஃகு ஜிக்கில் கிடக்கும் அலுமினிய ஸ்பார் அரை மில்லிமீட்டர் முரண்படும். ஒரு வரிசையைத் தொடங்கினால் அதே நேரத்தில் முடித்துவிட வேண்டும், அல்லது ஜிக்கையும் அலுமினியத்திலேயே செய்ய வேண்டும்.

குத்தப்பட்ட கிட்டுகளிலும் கட்டுகிறவர் கைக்கென்றே விடப்படும் துளைக்கு நல்ல எடுத்துக்காட்டு, விமானக் கிட்டுகள் விற்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்கள் பலவற்றில் இறக்கையின் பின் ஸ்பாரை உடற்பகுதியோடு இணைக்கும் துளை. இறக்கையை மாட்டி, அதன் கோணத்தை அளந்து நிறுத்திய பிறகே அதைப் போட முடியும். 5/16 அங்குல போல்ட்டுக்கு எல்லாப் பக்கமும் 5/8 அங்குல விளிம்புத் தூரம் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் தகடுகள் அனைத்திலும் அந்தத் தூரம் கிடைக்கிறதா என்று கோடு வரைந்து பார்த்துவிட்டு, நீண்ட புஷ் வைத்த கட்டையை இணைப்பின் மேல் இறுக்கிப் பிடிக்கிறார்கள். முதலில் சிறிய பிட், பிறகு சற்றுப் பெரியது, கடைசியில் துளையைச் சரியான அளவுக்குச் சீவி வழவழப்பாக்கும் ரீமர். ஒவ்வொன்றுக்கும் அதே கட்டையில் மாற்றி மாற்றிச் செருகும் தனித்தனிப் புஷ். கட்டை மட்டும் கடைசித் துளை முடியும்வரை அசையக் கூடாது.