நியாயாதிக்கம்: எந்த நாட்டு உயர் நீதிமன்றம்?

திருகோணமலையில் சட்டம் படிக்கும் மருமகள் முறையான பிள்ளை ஒருத்தி, ஆய்வுக் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். மேற்கோள்களையெல்லாம் சொட்டேரோ மென்பொருளில் சேர்த்திருந்தாள். கொழும்புத் தீர்ப்பு ஒன்று, சென்னைத் தீர்ப்பு ஒன்று. இரண்டுக்கும் 'நீதிமன்றம்' என்ற கட்டத்தில் 'உயர் நீதிமன்றம்' என்றே போட்டிருந்தாள். "ரெண்டும் சரிதானே மாமா?" என்றாள்.

இரண்டும் சரிதான். ஆனால் ஒன்று நாட்டின் உச்சியில் இருக்கிறது, மற்றதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் தமிழ் வடிவில் உயர் நீதிமன்றம் என்பது இலங்கையின் தலையாய நீதிமன்றம். தமிழ்நாட்டிலோ அந்தப் பெயர் மாநில நீதிமன்றத்துக்கு. அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம் உண்டு. அவர்கள் 'உயர்' என்று சொல்கிற ஹைகோர்ட்டுக்கு நாம் 'மேல்' என்கிறோம். போதாக்குறைக்கு, நம் செய்திகளிலும் சிலர் நம் உயர் நீதிமன்றத்தையே 'உச்ச நீதிமன்றம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆகவே நீதிமன்றத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த எல்லைக்குரியது என்பதும் வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் ஜூரிஸ்டிக்‌ஷன். லத்தீனில் 'யூரிஸ்' என்றால் சட்டத்தின், 'டிக்டியோ' என்றால் சொல்லுதல். டிக்‌ஷனரியும் இதே வேரில் பிறந்ததுதான். சட்டம் இன்னது என்று சொல்லும் உரிமைதான் முதற்பொருள். அந்த உரிமை எதுவரை செல்லுமோ அந்த நிலப்பரப்புக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் சட்டத் தமிழில் இதற்கு நியாயாதிக்கம் என்கிறோம்: நியாயம், ஆதிக்கம் இரண்டும் சேர்ந்தது. முதற்பொருளுக்குப் பொருத்தமான சொல். அடிப்படை உரிமை மீறலை விசாரிக்கும் நியாயாதிக்கம், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. திருகோணமலைக்காரரும் அதற்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். இங்கே நியாயாதிக்கம் என்றால் அதிகாரம். ஆனால் "அது மூதூர்க் கோட்டுக்குள்ள வராது" என்று ஒருவர் சொன்னால் பேச்சு நிலத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் 'அதிகார வரம்பு' என்பார்கள். கலைச்சொல் பட்டியல்களில் 'ஆள்வரை' என்றும் உண்டு. ஆள்வரை சுருக்கமாக, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே சொன்னால் ஆள் எதுவரை என்று கேட்பார்கள்.

மென்பொருளுக்குத் தேவை இரண்டாவது பொருள். சொட்டேரோவில் வழக்குக்கு எல்லை என்று தனிக் கட்டம் இல்லை, நீதிமன்றக் கட்டம் மட்டும்தான், அதில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். ஃபிராங்க் பென்னெட் அதிலிருந்து கிளைபிரித்து உருவாக்கிய ஜூரிஸ்-எம், எல்லையைத் தனிக் கட்டமாக்கியது. அங்கே எல்லை வெறும் பெயர் அல்ல, குறியீடு: முதலில் நாடு, முக்காற்புள்ளி, பிறகு அதன் உட்பிரிவு. நீதிமன்றம் அந்த எல்லைக்குக் கீழே வரும். அப்படியானால் இரண்டு உயர் நீதிமன்றங்களும் ஒன்றோடொன்று முட்டாது. அந்தக் கட்டத்தைத் தமிழாக்கினால் வெறும் நியாயாதிக்கம் என்று போடமாட்டேன். 'நியாயாதிக்க எல்லை' என்று போடுவேன். எல்லை என்ற ஒரு சொல் சேர்ந்தால், அங்கே அதிகாரத்தை விவரிக்கவேண்டியதில்லை, இடத்தைச் சொன்னால் போதும் என்பது நிரப்புகிறவருக்குப் புரிந்துவிடும்.

ஆனால் இடம் என்றதும் நீதிபதி உட்கார்ந்திருந்த ஊரை எழுதிவிடக் கூடாது. பிள்ளையின் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பழைய பிரிவி கவுன்சில் தீர்ப்பு இருந்தது. 1971இல் அந்த முறை நிறுத்தப்படும்வரை நம் மேன்முறையீடுகள் லண்டனில் இருந்த அந்த மன்றத்துக்குத்தான் போயின. "அப்ப இதுக்கு லண்டன்தானே?" என்றாள். இல்லை பிள்ளை. வழக்கு இங்கிருந்து போனது, அவர்கள் பார்த்ததும் இலங்கைச் சட்டத்தைத்தான். நீதிமன்றம் பிரிவி கவுன்சில், எல்லை இலங்கை.