ஃபோர்க்கை நீட்டினால் ஹேண்டில் ஏன் மடிகிறது?

“சென்னை புதுப்பேட்டையில் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழல்) நீட்டி ஆல்டர் செய்த புல்லட் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். பைபாஸில் அம்பு மாதிரி நேராகப் போகிறது. கடைச் சந்துக்குள் திருப்பினால் ஹேண்டில் கையை இழுத்துக்கொண்டு மடிகிறது. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதன் பெயர் டிரெயில்.

ஹேண்டில் திரும்பும் அச்சு சேஸியின் ஹெட் பைப்புக்குள் சாய்வாக இருக்கிறது. செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ அது ரேக். அந்த அச்சைத் தரைவரை நீட்டிப் பாருங்கள். முன் டயர் தரையைத் தொடும் இடம் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிதான் டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் இழுத்த திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இதனால்தான். ஓடும் வண்டியில் சக்கரம் சற்றே திரும்பினால் தரை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. டயர் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அந்தத் தள்ளல் ஹேண்டிலை நேராக்குகிறது.

சந்தில் நடப்பது இதன் மறுபக்கம். சீட்டை மட்டும் பிடித்து சைக்கிளைத் தள்ளிப் போகிறவர்களைக் கவனியுங்கள். வலப்பக்கம் திருப்ப அவர்கள் ஹேண்டிலைத் தொடுவதில்லை. சைக்கிளை வலப்பக்கம் லேசாகச் சாய்க்கிறார்கள், ஹேண்டில் தானே வலப்பக்கம் திரும்புகிறது. சாய்ந்த வண்டியில், தரை டயரை மேல்நோக்கித் தாங்கும் விசை ஹேண்டில் அச்சின் வழியாகப் போகாமல் ஓரமாகப் போய் அதை முறுக்குகிறது. அதோடு ஹேண்டில் திரும்பத் திரும்ப வண்டியின் முன்பாகம் சில மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. பள்ளத்தைக் கண்ட தண்ணீர் மாதிரி, எடை இறங்கும் பக்கமே ஹேண்டில் போகும். நேராக்கும் விசை வேகத்தோடு வளர்கிறது. மடிக்கும் விசைக்கு வேகம் தேவையில்லை, எடை போதும். அதனால்தான் பைபாஸில் ஒன்றும் சந்தில் மற்றொன்றும் ஜெயிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் ஆரம் 320 மி.மீ., ஹேண்டில் அச்சிலிருந்து வீல் ஆக்சில் முன்தள்ளி இருப்பது 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரேக் 27 டிகிரியானால் டிரெயில் சுமார் 96 மி.மீ. சேஸியை வெட்டி ரேக்கை 40 டிகிரியாக்கினால் டிரெயில் 190 மி.மீ. ஆகிறது, மடிக்கும் விசை இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. சேஸியைத் தொடாமல் ஃபோர்க்கை 10 செ.மீ. நீட்டினாலும் வண்டி மூக்கைத் தூக்கி, ரேக் மூன்றரை டிகிரி ஏறி, டிரெயில் 120-ஐ ஒட்டி வந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது தலைகீழ்த் தவறு. சேஸி பழையபடியே இருக்க, ஃபோர்க் குழல்களைப் பிடிக்கும் கிளாம்பை மட்டும் 5 டிகிரி சாய்த்து மாட்டுகிறார்கள். பார்வைக்கு, முன்சக்கரம் நீண்டு தள்ளி நிற்கும் ‘சாப்பர்’ வண்டிதான். ஆனால் ஆக்சில் அச்சை விட்டு முன்னே போய், டிரெயில் 30 மி.மீ-க்கும் கீழே விழுகிறது. அந்த வண்டி வேகத்தில் ஹேண்டிலை உதறும்.

டிரெயில் மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. 1970-ல் பிரிட்டிஷ் வேதியியலர் டேவிட் ஜோன்ஸ், எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரத்தை சைக்கிளில் மாட்டி, சுழலும் சக்கரம் பம்பரம்போல் சாயாமல் நிற்க முயலும் பம்பர விளைவை ரத்து செய்தார். அப்போதும் அதை ஓட்ட முடிந்தது. முன்சக்கரத்தை முன்னே தள்ளி டிரெயிலை எதிர்மறையாக்கியபோதுதான் பெரும்பாடாயிற்று. 2011-ல் வேறொரு குழு பம்பர விளைவும் இல்லாமல், நேர்மறை டிரெயிலும் இல்லாமல் தானே நிமிர்ந்து ஓடும் வண்டியைச் செய்து காட்டியது. எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் என்று அது நிரூபித்தது. வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளில் இவ்வளவு மிச்சம் இருந்திருக்கிறது! உடனடிப் பயனைக் கேட்டு ஆராய்ச்சி நிதியை மறுக்கும் பழக்கம் இங்கே மாறவேண்டும்.

ஆல்டர் செய்த வண்டியை வாங்கப் போகிறவர்கள் டேப்பும் சாக்பீஸும் எடுத்துச் செல்லுங்கள். சமதரையில் ஒருவரை உட்காரவைத்து வண்டியை நிமிர்த்திப் பிடியுங்கள். சென்டர் ஸ்டாண்டில் அளந்தால் தப்பாக வரும். ஆக்சிலுக்கு நேர் கீழே ஒரு புள்ளி. ஹெட் பைப்பின் நடுக்கோட்டை ஒட்டி நூல் பிடித்து, அது தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. ஃபோர்க் குழலை ஒட்டி நூல் பிடிக்காதீர்கள், அது அச்சுக்கு முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே டிரெயில். குழலில் துண்டு வைத்து வெல்டிங் செய்திருந்தால் வாங்கவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வளையும் விசை முழுதும் கீழ்க் கிளாம்பின் அருகே விழும். 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் மறக்கவேண்டாம். தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது.

வண்டி எடுக்கும் நாளில் டயரடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்கள், அதற்கு முன் இரண்டு நிமிடம் கோன்செட்டை, அதாவது ஹெட் பைப்புக்குள் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்குகளை, பாருங்கள். பழம் அதை இறுக்காது. முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டவேண்டும். ‘டக்’ என்றால் லூஸ். மெதுவாகத் திருப்பும்போது நடுவில் சிக்கினால் பேரிங் குழிந்துவிட்டது.

புதுப்பேட்டைக்குப் பக்கத்திலேயே எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் நியூ ஆவடி சாலையின் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். அங்கே ரயில் சக்கரத்தில் தண்டவாளத்தின் மேல் உருளும் பரப்பைக் குனிந்து பாருங்கள். அது தட்டையாக இல்லை, 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாக இருக்கிறது. ஒரே ஆக்சிலில் இறுக்கிய சக்கர ஜோடி ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கச் சக்கரம் பெரிய விட்டத்தில் உருண்டு, ஜோடியை நடுவுக்குத் திருப்பிவிடும். ஓட்டுநரின் கை அங்கே இல்லை. வேகம் எல்லை மீறினால் அதுவும் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும், உதறும் ஹேண்டில் போலவே.