உண்ணாதவர்களின் சாட்சியம்

1940 ஏப்ரல் 18 மாலை, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆஸ்வீகோ மாவட்டத்தில் ஒரு தேவாலய விருந்தில் உண்டவர்கள் பலருக்குச் சில மணி நேரத்திலேயே குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. விசாரிக்கப்பட்ட 75 பேரில் 46 பேர் நோயுற்றிருந்தனர். பரிமாறப்பட்டவையோ 14 வகை.

நோயுற்றவர்களிடம் மட்டும் விசாரித்திருந்தால் பன்றித்தொடை இறைச்சியின் மீதும் பழி விழுந்திருக்கும். அவர்களில் 29 பேர் அதை உண்டிருந்தனர். ஆனால் அதை உண்ட 46 பேரில் 63 விழுக்காட்டினர் நோயுற்றார்கள் என்றால், அதைத் தொடாத 29 பேரிலும் 59 விழுக்காட்டினர் நோயுற்றிருந்தனர். வெனிலா ஐஸ்கிரீமின் கதை வேறு: உண்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், உண்ணாத 21 பேரில் மூவருக்கே நோய். துப்புத் துலக்குவதில் உண்ணாதவர்களின் சாட்சியமே கனமானது என்பேன்.

இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்குமா என்பதைக் கை-வர்க்கம் (chi-square) என்னும் புள்ளியியல் சோதனை அளக்கிறது. ஐஸ்கிரீமுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையெனில், 75க்கு 46 என்ற அதே விகிதத்தில், உண்ணாத 21 பேரிலும் ஏறத்தாழ 13 பேர் நோயுற்றிருக்க வேண்டும். உண்டவர், உண்ணாதவர், நோயுற்றவர், நலமாக இருந்தவர் எனப் பிரியும் நான்கு கட்டங்களிலும், கண்ட எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 27.2 கிடைக்கிறது. தற்செயலால் 3.84ஐத் தாண்டுவதற்கே வாய்ப்பு 5 விழுக்காடுதான். 27ஐ எட்டுவதற்குப் பத்து லட்சத்தில் ஒன்று கூட இல்லை. இறைச்சிக்குக் கிடைப்பது வெறும் 0.15.

பதினான்கு பண்டங்களையும் இப்படிச் சோதிக்கையில் ஓர் ஆபத்து உண்டு. அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், எதிலுமே குற்றமில்லாதபோதும் ஏதேனும் ஒன்று 3.84ஐத் தாண்டிவிடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சாக்லேட் ஐஸ்கிரீம் இன்னொரு வேடிக்கை காட்டியது: அதை உண்டவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் உண்ணாதவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் நோய். சாக்லேட் மருந்தாகிவிடவில்லை, அதை விட்டவர்களில் பெரும்பாலோர் வெனிலாவை எடுத்திருந்தனர், அவ்வளவுதான்.

கணக்கு விரலை நீட்டும், கிருமியைக் காட்டாது. ஆய்வகமே வெனிலா ஐஸ்கிரீமில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைக் கண்டது. ஐஸ்கிரீமுக்கான கலவை முந்தைய நாளே தயாராகி, இரவு முழுதும் தேவாலயத்தின் நிலவறையில் இருந்தது. தயாரித்தவர்களில் ஒருவரது மூக்கிலும் அதே வகைக் கிருமி காணப்பட்டது.